மேல் லயத்துப் பால்

தனுஜா யோகட் கப்பைச் சரித்துப் பார்த்தாள். கட்டித் தயிராக நிற்க வேண்டியது கஞ்சித் தண்ணீர் போல விளிம்புக்கு ஓடி வந்தது.

“இவங்களுமா?” என்றாள் வாய்விட்டு.

அவள் சொன்னது விஜயலெட்சுமியை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்திலிருந்து பெரிய பால் கேனைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் பெரகல சந்திக்கு இறங்கி வருகிறவள். தனுஜாவின் யோகட் கடை இப்போது ஓடுவதே அவள் கொண்டுவரும் பாலில்தான்.

யோகட் வாங்கும் ஹோட்டல்காரர் எல்ல ஊரிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகப் போனில் ஏசியிருந்தார். “இன்னொரு தடவை இப்படித் தண்ணியா வந்தா நாங்க வேற ஆளப் பாத்துக்குவோம்.” தனுஜா குரலைத் தாழ்த்தி, “பால் குடுக்குறவங்கதான் சேர் ஏமாத்துறாங்க” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

போன வருடமும் அவள் அதையேதான் சொன்னாள். அப்போது பால் கொடுத்தவர்கள் பாக்கியலெட்சுமியும் அதே மேல் லயத்துப் பெண்கள் சிலரும். யோகட் உறையாமல் போன ஒரு காலையில், பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க, பாக்கியலெட்சுமியின் பாலை வாங்கி அப்படியே சாலையோரக் கானில் கவிழ்த்தாள்.

“தண்ணி கலக்கலீங்கம்மா. எம் புள்ள மேல சத்தியமா கலக்கல.”

“சத்தியத்த வச்சு யோகட் போட முடியாது. நீயும் வராத, ஒங்கூட வந்தவங்களும் வர வேணாம்.”

கொஞ்ச நாளில் கடன்பட்டு, யோகட் உறைய வைக்க ஒரு புதுச் சூட்டுப்பெட்டி வாங்கினாள். அதே சமயம்தான் விஜயலெட்சுமி கேனோடு வந்து நின்றாள். அந்தப் பாலில் யோகட் கத்தியால் வெட்டலாம் போல உறைந்தது. அதே லயத்தில் இப்படியும் ஒரு மனுஷி இருக்கிறாளே என்று தனுஜா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பால் தருகிறவர்களின் மாடுகளுக்குத் தனுஜாதான் புண்ணாக்கு வாங்கிக் கொடுப்பது வழக்கம். முன்பு பால் தந்தவர்கள் மூட்டை எப்போது வரும் என்று நச்சரிப்பார்கள். விஜயலெட்சுமி ஒருநாளும் கேட்டதில்லை. ‘நல்லா புல்லறுத்துப் போட்டு வளக்குறாங்க போல’ என்று தனுஜா அதையும் மெச்சினாள்.

இப்போது ஹோட்டல்காரர் கூடுதலாகக் கேட்டதால், மூலையில் கிடந்த பழைய பெட்டியைத் துடைத்துப் பாதிப் பாலை அதில் வைத்திருந்தாள். அது சரியாகச் சூடாகிறதா என்று பார்க்க, பழுது பார்க்கும் ஸலீம் நானாவை வரச் சொல்லியிருந்தாள்.

ஸலீம் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். “மிஸ், பாலுல ஒண்டும் பிழையில்ல. இந்தப் பெட்டி சூடு பிடிக்குதே இல்ல. புதுப் பெட்டியில வச்சதப் பாருங்க, அதே பால்தானே?”

தனுஜா புதுப் பெட்டியைத் திறந்தாள். எல்லாக் கப்பும் உறைந்திருந்தன.

“இது எப்ப பழுதாகியிருக்கும் நானா?”

“உள்ள துரு ஏறிக் கெடக்கு. ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும்.”

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாக்கியலெட்சுமியின் பால் இந்தப் பெட்டிக்குள்தான் போனது.

தனுஜாவின் தாய் தெமோதரைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். தராசடியில் கணக்கப்பிள்ளை கூடையைத் தள்ளிவிட்டு ஏசும்போது அம்மா வாய் திறக்காமல் நிற்பாள். அந்த ஆளை இன்றுவரை மன்னிக்காதவள் தனுஜா. கானில் ஓடிய பாலும் அதைப் பார்த்து நின்ற பாக்கியலெட்சுமியின் முகமும் நினைவுக்கு வர, அவளுக்குத் தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு நடந்தாள். இத்தனை காலத்தில் அவள் மேல் லயத்துக்கு ஏறிப் போனதே இல்லை. படியேறும்போது எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டது அவளை இன்னும் குறுக வைத்தது. பாக்கியலெட்சுமியின் வாசலுக்கு நேரே போகத் தைரியம் வரவில்லை. விஜயலெட்சுமி குடியிருக்கும் காம்பரா எதுவென்று கேட்டுப் போய் நின்றாள்.

விஜயலெட்சுமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பதறி வந்தாள். “என்ன தங்கச்சி, இவ்வளவு தூரம்? பால் கெட்டுப் போச்சா?”

“பால் கெடலக்கா. அன்னைக்கும் கெடல.” தனுஜா நிமிர்ந்து பார்க்காமலே பெட்டியின் கதையைச் சொன்னாள். “காலைல ஒங்களையும் சந்தேகப்பட்டேன். அதுக்கும் மன்னிச்சுக்குங்க.”

விஜயலெட்சுமி இழுத்துப் போட்ட பலகையில் தனுஜா உட்காரவில்லை.

“பாக்கியலெட்சுமியக்காகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். எல்லாருக்கும் முன்னால ஏசுனேன், எல்லாருக்கும் முன்னாலயே கேக்குறேன். நீங்க கூட வாங்க, தனியாப் போக எனக்கு மொகமில்ல.”

“வாறேன் தங்கச்சி. அவ மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல. ஒங்க கடைப் பக்கம் வரத்தான் பயந்தாங்க எல்லாரும்.”

தனுஜா தயங்கினாள். “அவங்கள்லாம் மறுபடி எனக்குப் பால் தருவாங்களாக்கா?”

“நிறுத்துனாத்தானே தங்கச்சி மறுபடி தர?”

தனுஜாவுக்குப் புரியவில்லை. விஜயலெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு ஏது மாடு?”