பெட்டியும் கண்ணீரும்

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அழுதுகொண்டிருந்த அருளப்பன், அவன் மனைவி செலின், அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அண்ணன் சூசை, டாக்டர் நஸ்ரீன். செலினின் பெட்டியும் இருந்தது.

அவள் கோபத்தை ஆற்ற அன்று காலை அருளப்பன் பைன் காட்டில் காளான் பறித்துக் குழம்பு வைத்தான். அவள் தொடவில்லை, அவனே தின்றான். கொஞ்ச நேரத்தில் அழத் தொடங்கினான். கல்லு மாதிரி இருந்த மனுஷன் அழுததும் செலின் இளகிவிட்டாள். அப்புறம்தான் வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் வழிந்தது.

"போதைக் காளான்தானே டாக்டர்? அதுல இருக்குற விஷம் மஸ்கிமோல்னு போன்ல போட்டிருக்கான்" என்றான் சூசை.

"அதுன்னா உளறுவார், தூங்குவார். இது மஸ்கரின்னு வேற விஷம். நீங்க சொல்ற அந்தப் போதைச் சிவப்புக் காளானோட பேர்லேர்ந்துதான் இதுக்கும் பேர் வந்துச்சு, ஆனா அதுல இது துளிதான், வேற காளான்லதான் நிறைய. உடம்புல இருக்குற தண்ணியெல்லாம் ஒழுகும். இதுக்கு அட்ரோபின் ஊசி. மஸ்கிமோலுக்கு அதையே போட்டா இன்னும் மோசமாகும்."

"அப்ப இந்த அழுகை?" என்றாள் செலின்.

"விஷம்தாம்மா."

ஊசி இறங்கியது. கண்ணீர் நின்றது. செலின் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அருளப்பனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது சூசை ஜீப்பை அணைக்கவில்லை. செலினும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அருளப்பன் மறுபடி அழுதான்.

"மாப்ளைக்கு வெஷம் இன்னும் எறங்கல போல" என்று சிரித்தான் சூசை.

செலின் அருளப்பன் நெற்றியைத் தடவினாள். வேர்வை இல்லை. வாயைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கண் மட்டும்தான் ஒழுகியது.

"அண்ணே, நீ கெளம்பு."

அருளப்பனைப் பெட்டியோடு உள்ளே தள்ளி, பின்னாலேயே நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.