வாய்க்குக் காத்திருந்த நாய்

கணினி விளையாட்டு ஒன்றில் திருடனைப் பார்த்துக் குரைக்க ஒரு நாய் தேவைப்பட்டது. நிரலுக்குள் அதை உருவாக்கும் பொறுப்பு அதன் வரிகளில் வரும் குறிகளான அடைப்புக்குறிக்கும் அரைப்புள்ளிக்கும் வந்து சேர்ந்தது.

"எல்லா உறுப்பையும் பிறக்கும்போதே ஒரே வரியில் கொடுத்துடணும்," என்றது அடைப்புக்குறி.

"முதல்ல பிறக்கட்டும் அண்ணே. அப்புறம் வரிக்கு ஒண்ணா ஒட்டிக்கலாம். உங்க வரியைப் படிச்சா மூச்சு வாங்குது," என்றது அரைப்புள்ளி.

"உனக்கு எதையும் பாதியில நிறுத்தணும்!"

அதுவரை காதும் வாலும்தான் முடிந்திருந்தன. வாய் எப்போது வரும் என்று நாய் தவித்துக்கொண்டிருந்தபோது, திருடன் சுவரேறிக் குதித்தான். சத்தம் கேட்டதும் நாய் தன்னிடம் இருந்ததை வைத்து ஊரைக் கூட்டப் பார்த்தது. வால் படபடவென்று ஆடியது.

"சமத்து!" என்று தட்டிக்கொடுத்துவிட்டுத் திருடன் உள்ளே போனான்.

"பார்த்தியா, என் முறையில் செஞ்ச வால் எப்படி ஆடுது!" என்றன இரண்டும்.