துடைத்த பெஞ்சு

ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கடைசி பெஞ்சில் தையல்காரக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு.

"ஆண்டவர் சந்நிதியில குறட்டை வேற! உலுக்கி எழுப்பு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அத்தை போனாள். பாடகர் குழுவில் அவள் குரல்தான் பெரிசு. ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வாசலைத் தாண்டுவாள். ஒரு பாட்டுப் புத்தகம்கூட அடுக்க மாட்டாள்.

அப்பா எழுப்பவில்லை. ஆலயத்தைத் துடைத்துப் பூட்டுவது அவர் வேலை. துடைத்த பெஞ்சையே மூன்றாவது தடவை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பெஞ்சு தேஞ்சிடும்."

"சும்மா இரு."

ஆறு நாள் துணிக்கடையில் நின்று நின்று எனக்குக் கால் கடுப்பு. இன்றைக்கு ஒரு நாள்தான் லீவு. வீட்டுச் சாவியும் ஆலயச் சாவியும் ஒரே வளையத்தில், அப்பா இடுப்பில்.

"சாவியாவது குடுங்க."

"வளையத்துல இருந்து கழட்ட வரலை. துரு."

எரிச்சல் தாங்கவில்லை. பாட்டுப் புத்தகக் கட்டை வேண்டுமென்றே கீழே போட்டேன். டமால்! அக்கா அசையவில்லை.

அப்பா முறைத்தார். "இங்க நிக்காதே. பின்தெருவுல பச்சைக் கதவு வீடு. அத்தை அங்கதான் இருக்கா, போ."

அத்தைக்கு அங்கே என்ன வேலை?

கதவைத் தள்ளினேன். தையல் மிஷின். பக்கத்துக் கட்டிலில் கை கால் விழுந்துபோன தையல்காரக்கா புருஷன். அத்தை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் துப்பினார். அத்தையின் ஆலய உடுப்பெல்லாம் கறை.

"அவ எழுந்துட்டாளா?"

"இல்ல. நீங்கதானே எழுப்பச் சொன்னீங்க?"

"முதுகு ஒடியுதுடி, வாய்ல வந்துச்சு. அதுக்காக எழுப்பிடுவீங்களா? ராத்திரி பூரா இந்த மனுஷன் கத்துறார். வாரத்துல அவ நிம்மதியா தூங்குறது அந்த ஒரு பெஞ்சுலதான்."

அவர் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை எடுத்தாள்.

"ஏன்டி, அங்க யாரும் சத்தம் கித்தம் போடலையே?"

ஆராதனைக்கு எடுத்துப்போன வேதப் புத்தகம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"இல்ல அத்தை" என்றேன்.