பதினேழாம் ஸ்லைடு

பிளவ்தீவ் நகர ஆஸ்பத்திரியில் பழைய சினைப்பைப் புற்றுக் கட்டிகளின் ஸ்லைடுகளை, பெயர்களை மறைத்து, எண்களை மட்டும் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் பேராசிரியர் ராடோஸ்லாவ்.

"பதினேழைப் பாரு இஸ்க்ரா! கட்டிக்குள்ளயே எவ்வளவு நோய் எதிர்ப்பு செல்லுங்க! புகுந்து அடிக்குதுங்க. வைத்தியத்தோட இவ பத்து வருஷம் தாண்டியிருப்பா. ஒரு புட்டி ரக்கியா பந்தயம்!"

"அஞ்சே மாசம் சார். வைத்தியமே நடக்கல." அந்த நோயாளியின் கோப்பைத் திறக்காமலே சொன்னாள் உதவி மருத்துவர் இஸ்க்ரா.

"ஏன்?"

"'தேறாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு டாக்டர் எழுதிட்டார்."

"எழுதின முட்டாள் யாரு?"

கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். கையெழுத்து அவருடையது.

"அதை நம்பிக் கூட்டிட்டுப் போன முட்டாள் நான்தான் சார். எங்கம்மா."