கல்லறைமேட்டுக் கூடு

தென்கடலின் அந்தக் குளிர்த்தீவில் இப்போது மனிதர் எவரும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு திரையின் முன் உட்கார்ந்தபடி, அமலோற்பவம் அங்கே ஓர் இயந்திரத்தை நடத்தி, மனிதர்கள் விட்டுப்போன எல்லாவற்றையும் அகற்றிக்கொண்டிருந்தாள். சீல் என்னும் கடல்விலங்குகளின் கொழுப்பைக் காய்ச்சிய இரும்புக் கொப்பரைகள் போய்விட்டன. கப்பலேறி வந்து பறவைக் குஞ்சுகளைத் தின்று பெருகிய எலிகளும் ஒழிந்தன. மிச்சம் இருந்தது ஒரு கல்லறை. எலி ஒழிக்கப் போன இடத்தில் நிமோனியா கண்டு இறந்த அவள் கணவன் சூசையினுடையது.

"எக்கா, நான் வேணா தோண்டுதேன். நீங்க வெளிய போங்க," என்றான் பக்கத்து இருக்கையில் உடன் வேலை பார்க்கும் ஜெபஸ்டின்.

"வேண்டாம்ப்பா. நானே பாத்துக்கிடுதேன்."

இயந்திரம் நெருங்கியபோது, கல்லறைமேட்டில் ஓர் ஆல்பட்ராஸ் பறவை மண்ணைக் குவித்துக் கூடு கட்டி உட்கார்ந்திருந்தது. முட்டையுள்ள கூட்டைத் தொடக் கூடாது என்பது விதி. வெறுங்கூடு என்றால் கலைத்துவிடலாம்.

"முட்ட இருக்காக்கா?"

பறவை எழுந்து சிறகை உதறியது. கூட்டில் ஒன்றுமில்லை.

"இருக்கு," என்றாள் அமலோற்பவம்.

ஜெபஸ்டின் எட்டி அவள் திரையைப் பார்த்தான். பறவை இன்னும் கூட்டில் உட்காராமல் நின்றுகொண்டுதான் இருந்தது.

"ஆமாக்கா, இருக்கு," என்றான்.