மாதிரி வீட்டுக் கட்டில்

கணவனும் மனைவியும் மாதிரி வீட்டின் படுக்கையறைக்குள் நுழைந்ததுமே விற்பனையாளர் ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்க மேடம். டபுள் கட்டில், பீரோ எல்லாம் போட்ட பிறகும் எவ்வளவு இடம். ஓடிப் பிடிச்சு விளையாடலாம்."

கணவன் டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தான்.

"நீளம் அஞ்சே அடி. பீரோ ஆழம் ஒரு அடி. சட்டை மாட்டினா கதவு மூடாது."

விற்பனையாளருக்கு வியர்த்தது. "சார், அதெல்லாம் சும்மா அழகுக்கு வெச்சது. நீங்க ரூமைப் பாருங்க."

"ரூமைப் பார்த்தாச்சு."

கணவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்தான். "பழகிக்கலாம்" என்றான் மனைவியிடம்.

விற்பனையாளருக்கு உயிர் வந்தது. படிவத்தை நீட்டினார். "அப்ப புக் பண்ணிடலாமா சார்?"

"அது போன வருஷமே பண்ணியாச்சு. இப்ப இதே பில்டிங்ல நாலாவது மாடியில குடியிருக்கோம்" என்றாள் மனைவி. "எங்க கட்டிலைப் போட்டா ரூம் கதவே திறக்க மாட்டேங்குது. இதைச் செஞ்ச தச்சர் நம்பர் குடுங்க."

விற்பனையாளர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவர் ரொம்ப பிஸி மேடம். மூணாவது மாடிக்காரங்க கட்டில் வேலையே இன்னும் முடியல."