அவிய நம்பர்

"ஏம்மா, இது போன் நம்பரே இல்ல! மூணு வாட்டி போட்டுட்டேன். இப்படி ஒரு எண் இல்லைன்னு ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல அதட்டுதா."

எஸ்.டி.டி. பூத் ஜேசுதாசன் துண்டுச் சீட்டை நீட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே அவருடைய பூத். சைபரில் ஆரம்பிக்கிற ஒன்பது இலக்கத்தைப் பார்த்தால் வெளியூர் நம்பர் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்மேல் குற்றமில்லை.

"அது கடல்ல போற போட்டு ரேடியோ நம்பரு அண்ணாச்சி. அதுக்கு மேல எழுதியிருக்கு பாருங்க, அதான் கொச்சி போட்டு கிளப்பு ஆபீசு போனு" என்றாள் இன்பம்.

நிறைமாதக்காரி. ராஜபாளையத்திலிருந்து அம்மா பிச்சையம்மாளோடு செக்கப்புக்கு வந்த இடத்தில், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நாளைக் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

புருஷனுக்குக் கொச்சியில் வேலை. பணக்காரர்கள் காற்று வாங்கப் போகிற பாய்மரப் படகுகளில் கயிறு கட்டுவது, பாய் இறக்குவது எல்லாம் அவன்தான். அவன் பெயரா? இருங்கள், தகராறே அங்கேதான்.

லைன் கிடைத்தது. கிளப் கிளார்க் நாகர்கோவில்காரர், தமிழில் பேசினார்.

"யாரைக் கூப்பிடணும்மா?"

"எங்க வீட்டுக்காரவியள."

"பேரு?"

இன்பம் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஹலோ! பேரைச் சொல்லும்மா."

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

ஜேசுதாசனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, தொண்ணூத்தெட்டாம் வருசம் நடக்கு! என் காதுலயாவது சொல்லு, நான் சொல்லித் தொலைக்கேன்."

"பேரைச் சொன்னா அவியளுக்கு ஆயுசு குறையும் அண்ணாச்சி. அதுலயும் அவிய இப்ப தண்ணி மேல இருக்காவ."

"அப்ப எழுதிக் காட்டு."

"எழுதினா மட்டும் குறையாதாக்கும்?"

அவர் பிச்சையம்மாள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாவது..."

"மருமகன் பேரையா? நல்லாருக்கே நியாயம்!" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள் பிச்சையம்மாள். தாயும் மகளும் ஒரே மண்.

இன்பம் சீட்டைப் பார்த்து ஒன்பது இலக்கத்தையும் கிளார்க்குக்குப் படித்தாள். "அவசரம்னா இந்த நம்பரைச் சொன்னா போதும்னு சொன்னாவ சார்."

"அடக் கடவுளே! இது ஒரு போட்டு நம்பர் இல்லம்மா, குரூப் நம்பரு. இதை அமுக்கினா கிளப்போட பன்னெண்டு போட்லயும் ஒரே நேரத்துல மணியடிக்கும். அம்பது பேரு ரேடியோவுக்கு ஓடி வருவான். உங்காளு எந்தப் போட்டு?"

"தெனம் ஒரு போட்டுல ஏத்துவாவளாம். அதான் பொதுவான நம்பரா குடுத்துட்டுப் போயிருக்காவ போல."

"சரி, மணியை அடிச்சு யாரைக் கூப்பிட? அதையாவது சொல்லும்மா."

"ஆஸ்பத்திரியில இருக்கேன், உடனே வரணும்னு சொல்லுங்க."

"எந்த ஊருன்னாவது..."

கர்ரென்று ஒரு சத்தம். லைன் செத்துவிட்டது. ஜேசுதாசன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இருட்டுகிற வரைக்கும் கொச்சி கிடைக்கவே இல்லை.

"போச்சு போ. பேரும் இல்ல, ஊரும் இல்ல. அங்க இருக்குற அத்தனை பேர்ல அந்தக் கிளார்க்கு எவனைன்னு தேடுவான்? ஒரே ஒரு வார்த்தை! அதைச் சொல்ல ஒனக்கு வாய் வரலையே!" மனசு கேட்காமல்தான் திட்டினார். திட்டிவிட்டு அவரே கைப்பிடித்து ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

கட்டிலில் படுத்த இன்பத்துக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அண்ணாச்சி சொன்னது நிசம்தானே. ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் வீட்டுக்காரர் பஸ் ஏறியிருப்பார். தப்பித் தவறி ஆபரேஷனில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அவர் முகத்தைப் பார்க்காமலே போக வேண்டியதுதான். எல்லாம் தன் வீம்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்போதுதான் வராந்தாவில் தடதடவென்று ஓடி வந்தான் அவன். உப்புக் கறை படிந்த சட்டை, கலைந்த தலை.

"வந்துட்டியளா!"

"செங்கோட்டை வழியா வாரேன். ராஜபாளையத்துல வீடு பூட்டிக் கெடந்துச்சு. ஒங்க டாக்டரம்மா இங்கதானேன்னு நேரா ஓடியாந்தேன். அழாத புள்ள."

"நான் ஒரு கோட்டிக்காரி. ஒங்க பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கணும். நேத்துப் பூரா எம்புட்டுத் தவிச்சுப் போனேன் தெரியுமா? என் மேல கோவமா?"

"கோவமா? நல்லவேளை, சொல்லாம விட்ட!" அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தான். "கிளார்க்கு பன்னெண்டு போட்லயும் மணியடிச்சு, 'எவன் சம்சாரம்டே அது? ஆஸ்பத்திரியில இருக்காம், பேரைக் கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்குது'ன்னான். அவன் சொல்லி முடிக்கல, அம்புட்டுப் போட்ல இருந்தும் என்னையத்தான் கெளம்பச் சொல்லிக் கத்துதானுவ."

"பேரைச் சொல்லியிருந்தாலும் ஒங்களத்தான சொல்லியிருப்பாவ?"

"கிழிச்சாவ! அங்க வைகுண்டராஜு மூணு பேரு இருக்கோம். பேரே சொல்லாத பொஞ்சாதி எனக்கு மட்டுந்தான்."